லோகநாயகி அக்காவின் பத்து நிமிடம்

லோகநாயகி அக்கா இறந்த செய்தி வாட்ஸாப்பில் வந்தது. எங்கள் 'பிரஸ் ஷாப் பழசுங்க' குழுவில் காலையில் அவர் படம் வந்து விழுந்தது. கண்ணாடி போடாமல் பார்த்தேன். படத்தில் மாலை இருந்ததைக் கவனிக்காமல், 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் அக்கா' என்று எழுதி, ஒரு கேக் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிடம் விஷயம் புரிந்ததும் அழித்தேன்.

"இன்னா ரைட்டரே, இன்னாத்த போட்டு அழிச்ச?" என்று பிரஸ் மெஷின் ஓட்டிய ஏழுமலை கேட்டான்.

"நெட்வொர்க் பிரச்சினைப்பா" என்றேன்.

அக்கா செத்த அன்றும் நான் முதலில் செய்த காரியம், ஒரு தப்பை மறைத்ததுதான். அவரை அறிந்தவர்களுக்கு, இது கேக்கைவிடப் பெரிய அவமரியாதை என்று தெரியும்.

பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறோம், நீயும் எழுது என்றார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், காருக்கான தகட்டுப் பாகங்களை அழுத்தி எடுக்கிற கம்பெனி எங்களுடையது. அக்கா பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். நான் ஆஃபீசில் மெமோ அடிப்பவன். கம்பெனி மலரில் துணுக்கு எழுதியதால் எனக்கு 'ரைட்டர்' என்று பெயர். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் என்று நினைத்து எனக்கு வணக்கம் வைத்தவர்களும் உண்டு. நான் திருத்தியதில்லை.

காலை ஷிப்ட் தொடங்குமுன் அக்கா எல்லோரையும் பத்து நிமிடம் நிற்கவைப்பார். உற்பத்திக் கணக்கு கேட்கமாட்டார். முந்தின நாள் தான் செய்த தப்பைச் சொல்வார். "நேத்து தகடு தடிமன் பாக்காம மெஷினுக்கு அனுப்ச்சிட்டேன். நாப்பது பீஸ் போச்சு. அதுக்கு ராஜியப் புடிச்சி கத்துனேன் பாரு, அது ரெண்டாவது தப்பு. சரி, வேற யாரு?"

பிறகு மீசையை நீவிக்கொண்டு ஏழுமலை வாயைத் திறப்பான். "யக்கா, நானும் ஒண்ணு பண்ணிகினேன்..."

"ஒண்ணுதானா? ரைட்டரு நாலுன்னு எழுதி வெச்சிகினு கீறாரே!" என்பார் அக்கா.

எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்வார்கள். "சொல்ட்டா பீஸுதான் ஸ்கிராப்பு. மறைச்சா ஆளே ஸ்கிராப்பு" என்பது அக்காவின் வாக்கு. யாருடைய சம்பளத்திலும் அவர் கைவைத்ததில்லை.

நான் அங்கே போய் நின்றது வேடிக்கை பார்க்க. துணுக்குக்கு உதவும் என்று அக்கா சொன்ன தப்புகளையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். சிரிப்பதற்காகத்தான் எழுதினேன். இதை நம்பச் சொல்லி உங்களிடம் கேட்கமாட்டேன்.

பிறகு நிர்வாகம் மாறியது. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் எங்களை உட்காரவைத்து, 'பணிக் கலாச்சாரம்' என்று இரண்டு நாள் வகுப்பெடுத்தார்கள். மதியச் சாப்பாட்டில் பன்னீர் நன்றாக இருந்தது. திரும்பி வந்ததும் சுவரெல்லாம் வாசகங்கள். தமிழாக்கம் அடியேன். 'திறந்த மனம், திறந்த கதவு' என்பதை மேனேஜர் அறைக் கதவில் ஒட்டினோம். உள்ளே ஏசி ஓடியதால் அந்தக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது. கருத்துப் பெட்டி ஒன்றும் வைத்தார்கள். அதன் சாவியும் அந்த அறைக்குள்தான்.

புது மேனேஜருக்கு அந்தப் பத்து நிமிடம் உறுத்தியது. நிறுத்தச் சொன்னார். "அந்தப் பத்து நிமிசம் இல்லன்னா மெஷினாண்ட இன்னா நடக்குதுன்னு எனக்கே தெரியாது சார்" என்று அக்கா மறுத்துவிட்டார். அன்று மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அந்த அம்மா மேல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

பதினொரு குற்றச்சாட்டுகள். பதினொன்றும் அக்கா தன் வாயால் சொன்னவை. மெமோவை அடித்ததும் நான்தான். வேலையை விட்டு நிற்கிறாரா, விசாரணையைச் சந்திக்கிறாரா என்று கேட்டார்கள். அக்கா ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து, கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு பேச்சே தயாரித்திருந்தேன், நடுவில் ஒரு ஜோக்கும் உண்டு. அக்கா மோர் கொடுத்தார்.

"மெமோ நீதான அடிச்ச?"

"ஆமாக்கா."

"பாத்தவுடனே தெரிஞ்சிபோச்சு. ஒரு எழுத்துப் பிழை இல்ல. நீயா எதனா சேத்தியா?"

"இல்லக்கா. எல்லாம் நீங்க சொன்னதுதான்."

"அதான் நைனா வயிறு எரியுது. பொய்யா எழுதியிருந்தாக்கூட பரவால்ல. நெஜத்த சொன்னா இதான் கதின்னு இப்ப அத்தினி பேருக்கும் தெரிஞ்சிபோச்சே. இனிமே எவன் வாயத் தொறப்பான்?"

பேச்சும் ஜோக்கும் என்னோடு திரும்பி வந்தன.

யாரும் வாயைத் திறக்கவில்லை. வீணான துண்டுகள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தன. கணக்கில் தப்பே இல்லாத ஷாப் என்று எங்களுக்குக் கேடயம்கூடக் கிடைத்தது. அதை வாங்க மேடையேறிய ஆறு பேரில் நானும் ஒருவன்.

பிரஸ் மெஷின் இறங்க இரண்டு பொத்தானை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தவேண்டும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேகம் போதவில்லை என்று, மூன்றாம் மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தியபடியே நிற்க யாரோ ஒரு கட்டைத் துண்டைச் செருகிவிட்டார்கள். வேறு மெஷினில் இருந்த ஏழுமலையை ஒருநாள் அங்கே மாற்றினார்கள். தகட்டை எடுக்க வலது கையை உள்ளே விட்டான். இடது கை மற்றப் பொத்தானில் பட்டுவிட்டது. இரண்டு விரல்கள் போயின.

விசாரணையில் எல்லோரும் "தெரியாது சார்" என்றார்கள். அத்தனை 'தெரியாது'களையும் நான்தான் அடித்தேன்.

அன்று மாலை அக்கா போன் செய்தார். "கட்ட வெச்சது யாருக்குமே தெரியாதாமே?"

"அப்டித்தான் சொல்றாங்கக்கா."

"உனக்கு?"

"எனக்கு எப்டிக்கா தெரியும்? நான் ஆஃபீஸ் ஆளு."

"சரி, வெச்சிடு" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. பிறகு இதயக் கோளாறு, ஆஸ்பத்திரி, இந்தச் செய்தி.

சாவு வீட்டில், மீதி விரல்களால் ஏழுமலை வாய்க்கரிசி போட்டான். அரிசி பாதி வழியிலேயே கீழே சிந்தியது. வெளியே வந்து என் தோளில் கை போட்டு, "கம்பெனி வாசல்ல அக்கா போட்டோவ பெருசா வெச்சிகினு கீறாங்களாமே? 'நமது பணிக் கலாச்சாரத்தின் தூண்'னு. எழுத்து உன்னுதுதான மச்சான்?" என்றான். தலையாட்டினேன். "நல்லா கீது" என்றான்.

அக்காவிடமிருந்து நேர்மையைக் கற்றேன் என்று முடித்தால் புத்தகத்துக்கு அழகாக இருக்கும். கற்கவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, நான் பொய்யால் அடைத்த 'உனக்கு?' என்ற அந்த ஒரு கேள்வி மட்டும்தான். இப்போது பதில் சொல்கிறேன்: தெரியும் அக்கா. ஏழுமலையின் விரல் போவதற்கு மூன்று நாள் முன்பே, வருகைப் பதிவேட்டோடு அந்தப் பக்கம் நடந்தபோது கட்டையைப் பார்த்தேன். நின்று பார்த்தேன். யாரிடம் சொல்வது, சொன்னால் என் பேர் எதில் ஏறும் என்று யோசித்தபடியே சாப்பிடப் போய்விட்டேன்.

இதை ஏழுமலையிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் புத்தகம் அவன் வீட்டுக்கும் ஒன்று போகும். நான் எழுதிய எதையும் அவன் இதுவரை படித்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன்.