திருப்பிக் கொடுக்காத நினைவகம்

ஷாஸியா செவிலிமேட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவள். தொழிற்சாலையில் விஷவாயு கசிந்தால் மணியடிக்கும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவது அவள் வேலை.

ஆறு வருடங்களுக்கு முன் அவள் எழுதிய ஒரு புரோகிராம், நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, காற்றை அளந்துவிட்டு முடிந்துவிடும். கணினியிடம் வாங்கிய நினைவகத்தை முடிவதற்கு முன் திருப்பிக் கொடுக்கும் வரிகளை அவள் அதில் எழுதவில்லை. கூட வேலை பார்த்த ஜோசுவா அப்போதே கேட்டான்.

“மெமரிய ஃப்ரீ பண்ணலியா?”

“புரோகிராம் முடிஞ்சா சிஸ்டமே எல்லாத்தையும் வாங்கிக்குது பா. நாம வேற எதுக்கு மெனக்கெடணும்?”

அவள் சொன்னது உண்மைதான். ஜோசுவாவும் ஒத்துக்கொண்டான்.

பிறகு அவள் பிரசவ விடுப்பில் இருந்தபோது, நிற்காமல் ஓடும் பெரிய புரோகிராம் ஒன்றுக்குள் ஜோசுவா அதைச் சேர்த்தான். இப்போது அது முடிவதே இல்லை. நிமிடத்துக்கு நிமிடம் கொஞ்சம் நினைவகத்தை வாங்கி, எதையும் திருப்பிக் கொடுக்காமல், நாற்பதாவது நாள் கருவியையே முடக்கிவிட்டது. அளப்பது நின்றுபோனது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதை நம்பி, அந்தக் கருவி வைத்திருந்த தொழிற்சாலையின் துப்புரவுத் தொழிலாளி ஐயம்பேட்டை ராஜவேலு கழிவுத் தொட்டிக்குள் இறங்கினார். மேலே தூக்கியபோது உயிர் இல்லை.

விசாரணையில் ஜோசுவாவின் வேலை போயிற்று. ஷாஸியாவை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் அவளை உட்காரவிடவில்லை. விசாரணை அறிக்கையில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தாள். மேலாளர் படித்துவிட்டு மேஜைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜவேலுவின் மனைவி கங்கையம்மாளைத் தேடிப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்த வரிய எய்த எத்தினி நேரம் ஆவும்மா?”

“ரெண்டு நிமிஷம் ஆவும்மா.”

கங்கையம்மாள் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். “இருட்டிக்கினு வருது. வூட்ல கொழந்த தேடும், கெளம்பு,” என்றார்.

ஷாஸியா இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறாள். மறுவிநாடி முடியப்போகும் புரோகிராமில்கூட நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் முடிக்கிறாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் வீண்வேலை என்கிறார்கள். அவள் வாதாடுவதில்லை.

ராஜவேலுவை அவள் உயிரோடு பார்த்ததே இல்லை. ஆனாலும் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் அந்தப் படத்திலிருந்த முகம் தெரிகிறது. கிட்டே போனால் வேறு யாரோ நகர்ந்து வழிவிடுகிறார்.