கோழிக்குச் சோடி காக்காயா, லாரியா?

மகளின் புத்தி எவ்வளவு என்று சோதித்துக்கொண்டு வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். நாமக்கல்லில் எங்கள் கோழிப்பண்ணையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஏழு வயதுக்காரியைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்குக் கூட்டிப்போனேன்.

சோதிக்கும் மேடம் மூன்று படங்களைக் காட்டினார். கோழி, காக்கா, லாரி.

"இதுல எந்த ரெண்டு சோடி, பாப்பா?"

"கோழியும் லாரியும்."

நான் தலையாட்டினேன். எங்கள் கோழியும் முட்டையும் ஏறிப்போவது லாரியில்தான். காக்கா நோயைக் கொண்டுவரும் என்றுதான் பண்ணைக்கு வலை கட்டியிருக்கிறோம். தப்பி ஒன்று நுழைந்தால் முதலில் முடுக்கி விரட்டுவது இவள்தான்.

"நீங்க தலையாட்டக் கூடாதுங்க" என்றவர், பூஜ்யம் போட்டார்.

"ஏன்னு அவளைக் கேளுங்க மேடம்."

"அதுக்கு மார்க் இல்லைங்க. ரெண்டும் பறவை, அதுதான் விடை."

கடைசியில் சராசரிக்குக் கீழே என்றார். அப்படியென்றால் நானும் அங்கேதான் இருக்கிறேன்.

பஸ்ஸில் மகள் கேட்டாள். "இனிமே காக்காயை முடுக்க வேண்டாமாம்மா?"

"பண்ணையில முடுக்கு சாமி. பரிட்சையில மட்டும் கோழியோட சேத்துரு."

அவளும் சரி என்றாள். அடுத்த தடவை அவளுக்குப் புத்தி கூடியிருப்பதாகச் சொல்வார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.