என் பெயரில் ஒரு நெஞ்சுப் படம்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சரக்கு இறக்கும் ஒப்பந்த வேலை எனக்கு. உர மூட்டை, ரசாயனப் பவுடர் என்று மணலிப் பக்கம் போகிற எதுவானாலும் எங்கள் ஆட்கள்தான் இறக்குவோம். போன வருடம் மழை விட்டதும் பிடித்த இருமல் இரண்டு மாதமாகியும் என்னை விடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் காசநோய் பார்க்கும் எக்ஸ்ரே வண்டி யார்டு வாசலுக்கு வருகிறது என்றார்கள்.

வண்டி அரசாங்கத்துடையது. உள்ளே இருக்கும் மிஷின் ஒரு தனியார் கம்பெனியுடையது, அதை இயக்குகிற பிள்ளைகளும் அந்தக் கம்பெனி ஆட்கள். படம் எடுத்த சில நிமிடத்தில் கம்ப்யூட்டரே பார்த்து, சந்தேகம் இருந்தால் குறித்துவிடும்; செய்தி பிறகு போனுக்கு வரும். நல்ல ஏற்பாடுதான், அதில் எனக்குக் குறை இல்லை. எங்கள் மேஸ்திரிதான் அதைத் தூக்குக்கயிறாக மாற்றினார்.

"படம் புடிச்ச சீட்டு இல்லாதவனுக்கு அடுத்த மாசம் கேட் பாஸ் கெடையாது. லொக்கு லொக்குனு இருமிகினு கீறவன்லாம் இப்பவே வூட்டுக்குப் போயிடு."

நான் இருமலை அடக்கிக்கொண்டு நின்றேன். முந்தைய வருடம் ஒருவரை நுரையீரலில் ஏதோ இருக்கிறது என்று அனுப்பினார்கள். மருந்து சாப்பிட்டுக் குணமாகி வந்த பிறகும் அவரை உள்ளே விடவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்காக இன்னொருவர் போய் நிற்பது சாதாரணம். தண்ணீர் லாரி, ரேஷன் கடை, ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு, எதுவானாலும் யார் கை ஒழிந்திருக்கிறதோ அவர் போய் நிற்பார். நிற்க மாட்டேன் என்கிறவன்தான் கெட்டவன். அந்தப் பழக்கத்தில்தான் என் மச்சான் ஞாபகத்துக்கு வந்தான். என் மனைவியின் தம்பி, நெட்டுக்குப்பத்தில் கடலுக்குப் போகிறவன். முகத்துவாரத்தில் மூச்சடக்கி முங்கி, சிக்கிய வலையை எடுத்துவருகிற நெஞ்சு அவனுடையது. எனக்குப் பதிலாக நீ போய்ப் படம் எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன்.

"நெஞ்ச நிமித்திக்கினு நிக்கணும், அவ்ளோதானே மாமா? இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாராவுற?" என்று சிரித்தான். "அக்காகிட்ட மட்டும் சொல்லாத" என்றேன்.

என் ஆதார் நகலையும் என் போனையும் கொடுத்து அனுப்பினேன். எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை, ஓ.டி.பி. வந்ததா என்றுதான் பார்த்தார்கள். என் பெயரில் அவன் நெஞ்சைப் படம் பிடித்துக்கொண்டு, கையில் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். கேட் பாஸ் கிடைத்துவிட்டது.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது என் போனில் செய்தி வந்தது. படத்தில் சந்தேகம் இருக்கிறது, சளிப் பரிசோதனைக்கு வரவும் என்று இருந்தது. முதலில் பதறிப்போனேன். அப்புறம், அந்தப் படம் என்னுடையது இல்லையே என்று நினைவு வந்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. சோறு பாதி இறங்கிய பிறகுதான், அப்படியானால் அது யாருடைய நெஞ்சு என்பது உறைத்தது.

அன்றைக்கே நெட்டுக்குப்பம் போயிருக்க வேண்டும். போகவில்லை. சொன்னால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போவான், ஏற்கெனவே படம் எடுத்தீர்களா என்று கேட்பார்கள், ஆள் மாறாட்டம் வெளியே வரும், என் பாஸ் போகும். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், அதுவும் தப்புப் பண்ணும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுகாதாரத் துறை அம்மா ஒருவர் டப்பாவோடு வீடு தேடி வந்தார். என் சளியைத் துப்பிக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. என் சளி அவனைப் பற்றி என்ன சொல்லும்? அது தெரிந்தும், "பாத்தியா, மிஷின் தப்பு" என்று மனைவியிடம் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் குடும்பத்தோடு சாப்பிட வந்தான். அவனுடைய மூன்று வயது மகள் அவன் நெஞ்சின் மேலேயே படுத்துத் தூங்கினாள். அவன் இரண்டு முறை இருமினான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா இருமல்?" என்றேன்.

"தண்ணில ரொம்ப நேரம் முங்கிக் கெடந்தேன் மாமா, அதான்" என்றான். நானும் தலையாட்டினேன்.

படத்தில் நிழல், சளியில் ஒன்றும் இல்லை என்பதால் என்னைப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நெஞ்சு டாக்டரம்மா சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கட்டடம் அரசாங்கத்துடையது, ஸ்கேன் அறையை நடத்துவது இன்னொரு தனியார் கம்பெனி. எடுத்த படம் அங்கிருந்து வேறு ஊரில் இருக்கும் ஒரு டாக்டருக்குப் போகும். பழைய படம் இருந்தால் கூடவே அதுவும் போகும். அவர் எழுதி அனுப்புவதை இங்கே பார்ப்பார்கள். இந்தப் படத்தில் என் சொந்த நெஞ்சு, எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு படுத்தேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். திரையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"உங்களுக்கு எப்பவாவது விலா எலும்பு உடைஞ்சிருக்கா?"

இல்லை என்றேன்.

"வண்டியில எடுத்த படத்துல இடது பக்கம் ஏழாவது எலும்பு உடைஞ்சு கூடியிருக்கு. இப்ப எடுத்ததுல அந்த எலும்பு முழுசா இருக்கு. ரெண்டும் ஒரே ஆளு இல்லைன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்காங்க."

அந்த எலும்பு எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் முகத்துவாரத்தில் படகு அடித்து மச்சானுக்கு உடைந்தது. கட்டுப் போடுகிறவரிடம் அவனைத் தோளில் தாங்கிக் கூட்டிப்போனவனே நான்தான். எங்கேயோ உட்கார்ந்திருக்கிற, எங்கள் யார் முகத்தையும் பார்த்திராத ஒரு டாக்டர் அவனை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். கூடவே இருந்த நான் ஐந்து வாரமாக அவனைத் தெரியாதவன் மாதிரி இருந்திருக்கிறேன்.

டாக்டரம்மா திட்டுவார், போலீஸ் என்பார் என்று பயந்தேன். அவரோ முதல் படத்தைத் தொட்டுக் காட்டி, "இவரு எங்க இருக்காரு? வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேராக நெட்டுக்குப்பம் போனேன். மச்சான் மகளை மடியில் வைத்துக்கொண்டு வலை பின்னிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் மகளைத் தூக்கித் தரையில் விட்டுவிட்டு, எட்டிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டான். அவள் எழுந்து அவனிடமே ஓடினாள். கையை நீட்டித் தடுத்தான்.

மறுநாள் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவன் சளியில் நோய் இருந்தது. குழந்தைக்கும் மருந்து தொடங்க வேண்டியிருந்தது. முன்னாடியே வந்திருந்தால் குழந்தைக்கு இது ஒட்டாமலே இருந்திருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. என் இருமல் வெறும் மூட்டைத் தூசியால் வந்தது என்றார்கள். பாஸ் போய்விட்டது, அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. என் மனைவி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இன்னொன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. மருந்து தொடங்குவதற்கு முன் அவனுக்குப் புதிதாகப் படம் எடுக்கச் சொன்னார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலையைத் தூக்காமல் பேர் என்ன என்று கேட்டாள். அவன் என் பக்கம் திரும்பினான். முகத்தில் கோபமோ கிண்டலோ இல்லை, உண்மையாகவே கேட்டான்.

"இந்தத் தபா யார் பேர சொல்லட்டும் மாமா?"