அம்மா ஊரறிய ஒப்புக்கொண்ட தவறு

எங்கள் அன்பு அம்மா இறைவனில் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. மயிலாப்பூரில் பிறந்து, ராஜா அண்ணாமலைபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, அப்பாவின் மறைவுக்குப் பின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்து என்னையும் தம்பியையும் ஆளாக்கியவர். "நல்லதை மட்டும் எழுது" என்று உறவினர் சிலர் சொன்னார்கள். மன்னிக்கவும். அம்மா செய்த தவறைத்தான் எழுதப்போகிறேன்.

எனக்கு ஏழாவது பிறந்தநாள். எங்கள் குடியிருப்பின் காவலாளி நேபாளத்துக்காரர். அவர் மனைவி எங்கள் வீட்டில் வேலை செய்தார். மகள் மாயாவும் வந்திருந்தாள். எல்லாருக்கும் தட்டில் கேக் கொடுத்த நான், அவளுக்கு மட்டும் காகிதத்தில் வைத்து வாசலில் நீட்டினேன்.

"ஏம்மா, அவளுக்கு மட்டும் பேப்பர்ல?" என்றார் அம்மா.

"அவங்கம்மாவுக்கு நீ தனி டம்ளர்லதானே காபி குடுக்கற? அவங்க நேபாளிங்க. நம்ம மாதிரி இல்லல்ல?"

யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. தினமும் பார்த்ததுதான்.

அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, சிரித்தார். "குழந்தை கரெக்டாத்தான் செய்யுது. யாரை எங்க வெக்கணுமோ அங்க வெக்கணும்."

அம்மா மாயாவை உள்ளே அழைத்துவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார். சமையலறையிலிருந்து அவள் தாயைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னாலும், "தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க" என்றார். அதுவரை 'நீ' என்றுதான் பேசியவர். அந்தப் பெண்மணி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடியே நின்றார்.

"இவங்களோட உக்காந்து நாங்க சாப்பிடணுமா?" என்று மாமா எழுந்தார்.

"கதவு தெறந்துதான் இருக்குண்ணா."

மாமா குடும்பம் போய்விட்டது. பல ஆண்டுகள் எந்த விசேஷத்துக்கும் எங்களுக்கு அழைப்பில்லை. அம்மா ஒருநாளும் அதற்காக வருந்தியதில்லை. வருடந்தோறும் பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கதையைத் தன் வாயாலேயே சொல்வார். "வீட்டு விஷயம் இங்க எதுக்கு டீச்சர்?" என்று தலைமையாசிரியை தடுத்தபோது, "எம்பொண்ணு வீட்லதானே கத்துக்கிட்டா?" என்றார். நிறுத்தவேயில்லை.

இறுதி நாட்களில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், வேளச்சேரியிலிருந்து தினமும் வந்து அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிய மாயாவுக்கும் நன்றி.

மாமா, துக்கத்துக்கு நீங்களும் வந்தீர்கள். நன்றி. ஆனால் அன்றும், "அந்த நேபாளிப் பொண்ணு ஏன் சொந்தக்காரங்களோட நிக்குது?" என்று கேட்டீர்கள். உங்கள் பேத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். உங்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவளிடம்தான் சொன்னேன்:

"பாப்பா, இவங்க உனக்கு மாயா அத்தை."

– மகள்