சந்தியா கல்யாணத்துக்கு வந்த வழிக்காவல்

ஏனாத்தூர் செல்லியம்மாள் நடவுக்கு இறங்கினால் பாட்டில்லாமல் கை ஓடாது. கோபமும் அதே வேகத்தில் வரும். வரப்புத் தகராறில் கொழுந்தனைப் பிடித்துத் தள்ளினாள். கல்லில் தலை மோதி அவன் செத்துப்போனான். அதற்காக வேலூர் பெண்கள் சிறையில் ஏழு வருடமாக இருந்தாள்.

மகள் சந்தியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஒரு நாள் பரோல் கிடைத்தது. ஆனால் வழிக்காவலுக்கு வரும் போலீசாரின் சம்பளத்தையும் வண்டிச் செலவையும் குடும்பமே கட்ட வேண்டும் என்றார்கள். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் வேலை பார்த்த சந்தியா, மேளத்துக்கும் வீடியோவுக்கும் சேர்த்து வைத்திருந்ததுதான் கையில் இருந்தது. தயங்கித் தயங்கி மாப்பிள்ளை அருளிடம் சொன்னாள்.

"மேளம் இல்லன்னா தாலி ஏறாதா? அத்தைய வரச் சொல்லு" என்றான் அவன்.

குமரகோட்டம் முருகன் கோயிலில் முகூர்த்தம். ஏட்டம்மா ரேவதியும் இன்னொரு காவலரும் இரண்டு பக்கமும் நிற்க, செல்லியம்மாள் கைகூப்பி நின்றாள். கெட்டிமேளம் கொட்ட வேண்டிய நேரத்தில் ஒரே அமைதி. அருள் தாலியைக் கையில் எடுத்ததும் செல்லியம்மாளுக்குத் தொண்டை தானாகத் திறந்தது. வாயில் வந்தது நடவுப் பாட்டுதான். ஏனாத்தூர்ப் பெண்கள் அடுத்த அடியை வாங்கிக்கொண்டு கைதட்டினார்கள். ஐயர் சிரித்துக்கொண்டே அட்சதை தூவினார். ரேவதியின் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.

பந்தியில் போலீசார் இருவரும் டூட்டி என்று சொல்லி ஓரமாக நின்றார்கள். செல்லியம்மாள் விடவில்லை.

"காசு கட்டி கூட்டிக்கினு வந்தது உங்கள மட்டுந்தாம்மா. நீங்களே சாப்புடலன்னா எப்படி?"

ரேவதி வாய்விட்டுச் சிரித்து, அவள் பக்கத்திலேயே இலை போடச் சொன்னாள். பாயசம் இரண்டு முறை வாங்கினாள்.

அடுத்த வருடம் சந்தியாவுக்குக் குழந்தை பிறந்தது. பேரப்பிள்ளையைப் பார்க்கச் செல்லியம்மாள் மறுபடியும் பரோல் கேட்டாள். சட்ட உதவி வக்கீல் சுகாசினி, கைதி போன முறை சொன்ன நேரத்துக்குத் திரும்பியதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்லி, ஏழைக் குடும்பம் இன்னொரு முறை காவலுக்குப் பணம் கட்ட முடியாது என்று வாதாடினார். காவலும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம் என்று உத்தரவானது.

செல்லியம்மாள் வேலூரில் காஞ்சிபுரம் பஸ் ஏறினாள். கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்டார்.

"நான் ஒருத்திதாம்பா" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.