அக்டோபர் காட்டிய திரை

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. கணினியில் எந்த கர்னல் ஓடுகிறது, அதை யார் எந்த நாளில் உருவாக்கினார் என்று லினக்ஸ் இயங்குதளம் சொல்லும் வரி அது. நாள் கிழமைகளைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்குச் சிறுவயது முதலே உண்டு. ஆனாலும் வேறெந்தத் தேதியும் அந்த வரியில் இருந்த தேதியைப்போல் என்னைக் கூசவைத்ததில்லை.

அமெரிக்கக் கம்பெனிகள் ஆட்களைக் கழித்துக்கட்டிய வருடம். வேலை போய், நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் அக்காள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். லீவில் வந்திருப்பதாகச் சொன்னேன். பிச்சாட்டூரில் எங்கள் தெருவிலிருந்து கடல் தாண்டிய முதல் ஆள் நான். துரத்திவிட்டார்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அக்காள் கணவர், என் மாமா, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். மூன்றாவது வாரமும் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கக் கண்டு கேட்டார்: "இன்னா மச்சான், சும்மாத்தானே குந்திக்கினு கீற? சென்டர்ல பெரிய மிஷினுக்குப் புது கர்னல் ஒண்ணு போட்டுக் குடேன். எனக்கெங்க அதெல்லாம் தெரியுது?"

கணினியின் உள்ளே எல்லாவற்றையும் ஆட்டுவிப்பது கர்னல். லினக்ஸில் அதன் மூல நிரல் யாருக்கும் கிடைக்கும்; வேண்டிய பகுதிகளை மட்டும் தேர்ந்து, கணினி ஓட்டக்கூடிய வடிவில் நாமே கம்பைல் செய்துகொள்ளலாம். அதற்கு முன் அது வரிசையாகக் கேட்கும் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். வெகுநாளுக்குப் பிறகு என்னிடமும் ஏதோ கேட்கப்படுகிறது என்ற மிதப்பில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா டீ வாங்கிவந்தபடியே இருந்தார். புது கர்னலில் கணினி எழுந்ததும் வாடிக்கையாளர்களிடம் தெலுங்கில் பீற்றிக்கொண்டார்: "மா பாமர்தி! அமெரிக்கா மனிஷி!" என் மச்சான், அமெரிக்காக்காரன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் மாமா காணிப்பாக்கம் கோயிலுக்குப் போக, சென்டரில் நான் உட்கார்ந்தேன். என் கைவேலையின் தேதியைப் பார்க்கும் ஆசையில் அந்த வரியைக் காட்டும் கட்டளையைத் தட்டினேன். திரையில் அக்டோபர். நான் ஊருக்கு வருவதற்கும் முந்தைய மாதம். நான் செய்துகொடுத்த அதே பதிப்பு; செய்தவர் இடத்தில் மாமாவின் பெயர். மாமாவே முன்பே கம்பைல் செய்து வைத்திருக்கிறார்; இப்போதும் ஓடுவது அதுதான்.

ஏதோ தவறு என்று கணினியை மறுபடி துவக்கி, துவங்கும்போது வரும் கர்னல் பட்டியலில் இரண்டாவதாகக் கிடந்த என் கர்னலைத் தேர்ந்தேன். ஹால் டிக்கெட் எடுக்க ஒரு பெண் வந்தாள். பிரிண்டர் அசையவில்லை. பிரிண்டர் பற்றிய கேள்விக்கு நான் 'இல்லை' என்று சொல்லியிருந்தேன்.

"அமெரிக்காவுல பிரிண்டர் லேதாண்ணா?" என்று, பிரிண்டரே இல்லையா எனத் தெலுங்கு கலந்து கேட்டு அவள் சிரித்தாள்.

மாமாவின் கர்னலுக்கு மாறியதும் தாள் வந்தது.

மாலையில் பிரசாதத்தோடு மாமா நுழைந்தார். "இன்னா மச்சான், உன் கர்னல் ஜம்முனு ஓடிக்கினு கீதா?"

"மாமா, நான் லீவுல வரல."

"தெரியும்," என்றார், பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே. "உங்கக்காவுக்கும் தெரியும். துன்னு."

பெங்களூரில் வேலை கிடைத்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது கர்னலை நான் கம்பைல் செய்வதில்லை. யாரோ எங்கோ செய்தது தானாக வந்து இறங்குகிறது. ஆனாலும் புதுக் கணினி முன் உட்கார்ந்ததும் அந்தக் கட்டளையைத் தட்டிப் பார்த்துவிடுகிறேன். அந்த அக்டோபரைப் பற்றி மாமாவிடம் நான் இதுவரை கேட்டதில்லை. அந்தக் கணினி பழுதாகி ஓயும்வரை, பிரிண்டர் தெரியாத என் கர்னலை அவரும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.