சித்தப்பாவின் உள்ளங்கை

பிள்ளைகளே, இருமலுக்கு ஒரு மாத்திரை வாங்கினாலும் அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டுக் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்துகிறேன் என்று என்னைக் கேலி செய்கிறீர்கள். காரணத்தை நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் நாங்கள் மேற்கு மாம்பலத்தில் இருந்தோம். என் சித்தப்பாவுக்குத் தி. நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் வேலை. அவருக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறவரை எந்தக் கடையில் வைத்துக்கொள்வார்கள்? அதனால் ஒரு வைத்தியரிடம் கருப்பு உருண்டைகள் வாங்கி, காலையும் ராத்திரியும் வருஷக்கணக்கில் விழுங்கினார். இழுப்பு அடங்கியது. வீட்டில் எல்லோரும் அந்த வைத்தியரைத் தெய்வம் என்றார்கள்.

பிறகு சித்தப்பாவின் மார்பிலும் முதுகிலும், புழுதியில் தூறல் விழுந்தது போலப் புள்ளிகள் வந்தன. பாதம் மரத்துப்போய், தெருவில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பார். உள்ளங்கை முழுக்க ஜவ்வரிசி ஒட்டினாற்போலக் கெட்டிப் பொரிகள். பட்டில் பட்டால் இழையை இழுத்துவிடும். பிளேடால் சீவினார், மறுபடி வளர்ந்தது. எண்ணெய் தடவினால் புடவையில் கறை. கடைசியில் புறங்கையாலேயே புடவையை விரித்துக் காட்டக் கற்றுக்கொண்டார். அதை ஒரு நளினம் என்று ரசித்தவர்களும் உண்டு.

வீட்டில் அந்தக் கை எனக்கு வித்தை காட்டும். அக்காவின் ரிப்பனை உள்ளங்கையில் அழுத்தி, விரல்களை விரித்தபடியே கையைக் கவிழ்ப்பார். ரிப்பன் விழாது. எனக்கு அப்போது எட்டு வயது. சித்தப்பாவுக்கு மந்திரம் தெரியும் என்று முழுசாக நம்பினேன்.

அரைப் பரீட்சை லீவில் ஒருநாள் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தை மாதக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மயிலாப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்கள் வீட்டுச் சின்னப் பெண் சலித்துப்போய்ச் சிணுங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் மந்திரத்தைப் பற்றி அளந்தேன். அவள் நம்பவில்லை. எனக்கு ரோஷம். அவள் பின்னலிலிருந்து ரிப்பனை உருவி, சித்தப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பி அதில் அழுத்தினேன். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ரிப்பன் கையோடு போய்த் தொங்கியது. அந்தப் பெண் கைதட்டிச் சிரித்தாள்.

அவளுடைய அம்மா சிரிக்கவில்லை. மடியிலிருந்த புடவையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“இது அந்தப் பெரிய வியாதியோன்னோ? இந்தக் கையாலயா எல்லாத்தையும் தொட்டுண்டிருந்தேள்?”

குஷ்டம் என்று நினைத்துவிட்டார். சித்தப்பா இரண்டு கையையும் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தார்.

முதலாளி திருநெல்வேலிக்காரர், கத்துகிற மனிதர் அல்ல. சித்தப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, “ஒடம்பப் பாரும் வே. கொணமானதும் பாத்துக்கிடலாம்” என்றார். அத்தோடு அந்த வேலை போயிற்று.

ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நான் தொலைந்துவிடக் கூடாதென்று சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ரயில் பாலத்துப் படியில் நின்று, “உம்மேல தப்பில்ல நைனா. அம்மாண்ட நீ ஒண்ணும் சொல்லிக்காத, நானே சொல்லிக்கிறேன்” என்றார்.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அந்தக் கையைப் பார்த்ததும், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டாராம். அந்த உருண்டையில் இருந்தது பாஷாணம். எலியைக் கொல்ல வைக்கிற அதே சரக்கு. ஆர்சனிக் என்று எழுதிக் கொடுத்தார். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து தோலையும் நரம்பையும் கெடுத்திருந்தது. பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றுகிற நோயே அல்ல. உருண்டையை நிறுத்தியதும் இழுப்பு திரும்பி வந்தது. பழைய கை திரும்பவில்லை.

இது எதுவும் அன்று எனக்குத் தெரியாது. வீடு வந்ததும் சித்தப்பா உள்ளே போனார். நான் பின்பக்கம் தொட்டியடிக்குப் போனேன். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, துணி சோப்பை எடுத்து, அவர் வழியெல்லாம் பிடித்துவந்த கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.